காலையை விடக் குறைவு

இரண்டாம் மாடி அறுவைசிகிச்சை வார்டில் பதினாறு வருடமாக வேலை பார்த்த அந்த நர்ஸை எல்லோரும் ‘மோர் சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். இங்கிலீஷில் எதை எழுதினாலும் முன்னால் ஒரு ‘மோர்’ சேர்க்காமல் அவளுக்குக் கை நகராது. காயம் ஆறினால் ‘மோர் பெட்டர்’. வீக்கம் வடிந்தால் ‘மோர் ஸ்மாலர்’. காய்ச்சல் ஏறினால் ‘மோர் ஹாட்டர்’. சிஸ்டர் எழுதின தாளைப் பிழிந்தால் ஒரு குடம் மோர் எடுக்கலாம் என்று ஒரு டூட்டி டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அவர் வேறு மருத்துவமனைக்கு மாறிப் போய் ஐந்து வருடம் ஆகியும் பெயர் மட்டும் போகவில்லை. அவளும் சேர்ந்து சிரித்துக்கொள்வாள்.

சிரிக்க முடிந்ததற்குக் காரணம், அவள் எழுதுவதை யாரும் நம்பியிருக்கவில்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தமிழில் நாலு வார்த்தை சொல்வாள். அதுதான் கணக்கு. ‘நேத்து ராத்திரியவிட மூச்சு தேவல சார், ஆனா முகம் எனக்குப் பிடிக்கல’ என்றால், பழைய டாக்டர்கள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நோயாளியை இன்னொரு நோயாளியோடு ஒப்பிடக்கூடாது, அவனை அவனோடேதான் ஒப்பிட வேண்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. காலை எட்டு மணிக்கு வார்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு கட்டிலாக ஒரு சுற்று வருவாள். எதுவும் செய்யமாட்டாள், பார்ப்பாள். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டுதான் மதியம் வரை அளப்பாள்.

அந்த வருடம் இரண்டு மாற்றங்கள் வந்தன. வயிற்று அறுவைசிகிச்சைக்குப் புதிதாக வந்த சர்ஜனுக்குத் தமிழ் தெரியாது. வேறு மொழிக்காரர், எல்லாரிடமும் இங்கிலீஷ்தான். மருத்துவமனைக்கு ஒரு தரச் சான்றிதழ் வாங்க முயற்சி நடந்ததால், நர்ஸுகள் நோட்டில் எழுதுவதை வார்டு இன்சார்ஜ் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், அந்தச் சுருக்கம் சர்ஜனின் செல்போனுக்குப் போகும் என்று உத்தரவும் வந்தது. இன்சார்ஜ் அவளைவிட ஒன்பது வயது இளையவள். கான்வென்ட்டில் படித்தவள், நேரம் தவறாதவள், யாரையும் பெயர் சொல்லிக் கிண்டல் செய்யாதவள். ஆனால் தப்பான இங்கிலீஷைப் பார்த்தால் அரிசியில் கல்லைப் பார்த்ததுபோல் பொறுக்காமல் இருக்க மாட்டாள். இவள் எழுதும் ஒவ்வொரு வரியையும் திருத்தித்தான் ஏற்றினாள்.

கூடவே ஒரு தேர்வும் அறிவித்தார்கள். மாத முடிவுக்குள் இங்கிலீஷ் குறிப்பெழுதும் தேர்வில் அறுபது மார்க் வாங்காதவர்கள் வார்டில் இருக்க முடியாது. கருவிகளைக் கொதிக்கவைத்துப் பொட்டலம் கட்டும் கீழ்த்தளப் பிரிவுக்குப் போக வேண்டும். அவளுக்கு அந்த அறையைத் தெரியும். ஜன்னல் கிடையாது. மனிதர்களும் கிடையாது.

வீட்டிலேயே ஒரு டீச்சர் இருந்தாள். கணவனின் தங்கை. கட்டினவனோடு ஒத்துவராமல் இரண்டு வருடம் முன்பு ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தவள், முன்னறையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுத்தாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை என்று ஒன்றும் இல்லை. பேச்சும் இல்லை. ஒரே அடுப்பில் இரண்டு பேர் சமைத்தால் எந்தக் கரண்டி எங்கே என்பதைத் தவிரப் பேச ஒன்றும் இருக்காது என்பதுபோல் நடந்துகொண்டிருந்தார்கள். ஸ்கூல் வேன் ஓட்டும் கணவன் இரண்டு பக்கமும் நல்லவனாக இருந்து காலம் தள்ளினான். அவளாகப் போய்க் கேட்க நாலு நாள் ஆனது.

நாத்தனார் மறுக்கவில்லை. டியூஷன் பிள்ளைகள் போவதற்கு முன்பே அண்ணியை உட்காரவைத்து, நோட்டைப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவால் பதினோரு மோரை அடித்தாள்.

“அண்ணி, சின்ன வார்த்தைக்குப் பின்னாடி ‘இஆர்’ ஒட்டணும். ஹார்டு, ஹார்டர். நீளமான வார்த்தைக்கு முன்னாடி மோர் வைக்கணும். ரெண்டுல ஒண்ணுதான். குடை பிடிச்சிட்டுப் போறவன் தலைல இன்னொரு குடை எதுக்கு?”

தமிழில் ‘விட’ என்று ஒரு வார்த்தையைப் போட்டால் முடிந்துபோகிறதே, நல்லதும் அப்படியே இருக்கும், கெட்டதும் அப்படியே இருக்கும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அங்கே அப்படி இல்லை என்றாள் நாத்தனார். அங்கே வார்த்தையே உருமாறும். சிலது ஆளே மாறிப்போகும்: குட் என்பது பெட்டர் ஆகும், பேட் என்பது வொர்ஸ் ஆகும், லிட்டில் என்பது லெஸ் ஆகும். மாறி வந்ததுக்கு முன்னால் மோர் வைக்கக்கூடாது. மூன்றாம் நாளும் அண்ணிக்குச் சந்தேகம் தீரவில்லை.

“இன்னும் கொறஞ்சிருக்குன்னு சொல்லணும்னா?”

“வெறும் லெஸ். அதுலயே இன்னும் இருக்கு.”

“மோர் லெஸ்?”

முன்வரிசையில் இருந்த ஒரு பெண்குழந்தை களுக்கென்று சிரித்தது. அதைப் பார்த்து மற்றதுகளும் சிரித்தன. நாத்தனார் அதட்டவில்லை. அவளுக்கும் உதடு லேசாக வளைந்தது. அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வயதில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவள் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனாள். மூன்று பாடத்தோடு டியூஷன் நின்றது. கரண்டிப் பேச்சும் நின்றது.

சான்றிதழுக்கான பரிசோதகர்கள் வந்தது அதற்கடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. தரை இரண்டு முறை துடைக்கப்பட்டிருந்தது. கட்டில்களுக்குப் புது விரிப்பு. இன்சார்ஜ் விடிந்ததிலிருந்து உட்காரவில்லை.

ஏழாம் நம்பர் கட்டிலில் ஒரு வெல்டர். முப்பத்தெட்டு வயது, முந்தின நாள் மாலை பித்தப்பையை எடுத்திருந்தார்கள். எட்டு மணிச் சுற்றில் அவன் அவளிடம் ஜன்னல் கம்பியைக் காட்டி, இதைப் பற்றவைத்தவன் தூக்கத்தில் வைத்திருக்கிறான் என்றான். சிரித்ததில் தையல் இழுத்து முகம் சுளித்தான். அவன் மனைவி கட்டிலின் கால்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னாள். நாடி எண்பத்துநாலு. சிறுநீர்ப் பையில் ஒரு மணி நேரத்துக்கு ஐம்பத்தைந்து மில்லி. எல்லாம் நன்றாக இருந்தது.

பத்து மணிக்கு முப்பத்தைந்து. அதிலேயே அவள் இரண்டாம் முறை குனிந்து, குழாய் எங்கேயும் மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். மடங்கவில்லை. பதினொன்றுக்கு இருபது. நாடி தொண்ணூற்றெட்டு. வயிற்றில் கை வைத்தால் காலையில் இருந்த மெத்தென்ற தன்மை இல்லை. வயிற்றிலிருந்து வெளியே வரும் வடிகுழாயில் ரத்தம் ஒன்றும் இல்லாததுதான் குழப்பியது. அவன் தூங்கவும் இல்லை, பேசவும் இல்லை.

“காலைலவிட பேச்சு கொறஞ்சுபோச்சே சிஸ்டர்,” என்றாள் மனைவி.

கட்டிலில் தொங்கும் அளவுத் தாளில் எண்களை எழுதினாள். பிறகு நோட்டை எடுத்தாள். பரிசோதகர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. இன்சார்ஜ் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவசரத்தில் பேனா பழைய தடத்திலேயே ஓடியது: ‘யூரின் மோர் லெஸ் தேன் மார்னிங். அப்டமன் மோர் டைட்.’ சிறுநீர் காலையை விட இன்னும் குறைவு என்று அவள் எழுதினாள். அப்படித்தான் அவள் நினைத்தாள்.

பதினொன்றே முக்காலுக்கு அளவுத் தாளைக் கம்ப்யூட்டரோடு ஒப்பிட அவள் நர்ஸ் மேசைக்கு வந்தாள். திரையில் ஏழாம் நம்பருக்கு எதிரே அழகான இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது: சிறுநீர், மோர் ஆர் லெஸ், காலையில் இருந்தபடியே. வயிறு சற்று இறுக்கம். அதன் கீழே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து சர்ஜன் போட்ட பதில்: ஓகே, கன்டினியூ.

மோர் ஆர் லெஸ் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அந்த சர்ஜனே நாளைக்குப் பத்து தடவை சொல்லும் வார்த்தை. ஏறக்குறைய அதேதான் என்று அர்த்தம். நடுவில் ஒரு சின்ன ‘ஆர்’. அவள் விட்டுவிட்டாள் என்று நினைத்து இன்சார்ஜ் சேர்த்திருக்கிறாள். குறைகிறது என்று எழுதினது குறையவில்லை என்று போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஏழாம் நம்பருக்குத் திரும்பிப் போனாள். நாடி நூற்றுப் பன்னிரண்டு. முக்கால் மணி நேரத்தில் பையில் சேர்ந்திருந்தது ஐந்து மில்லிதான்; தாளில் குறித்துக் கட்டிலில் மாட்டினாள். நெற்றி ஈரமாக, சில்லென்று இருந்தது. கால்பக்கத்தை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்து, ஆயாம்மாவைக் கூப்பிட்டு இந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது என்றாள். வார்டின் மறுகோடியில் இன்சார்ஜ் மூன்று பரிசோதகர்களுக்கு மருந்து அலமாரியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். இவள் பக்கத்தில் போய் நின்றாள். இன்சார்ஜ் திரும்பாமலே, பதினைந்து நிமிடம் பொறுங்கள் சிஸ்டர் என்றாள். ஏழாம் நம்பர் என்றாள் இவள். சர்ஜன் பார்த்துவிட்டார், பதிலும் போட்டிருக்கிறார் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு இன்சார்ஜ் அடுத்த அலமாரிக்கு நகர்ந்தாள். டூட்டி டாக்டர் கீழே விபத்துக் கேஸ் ஒன்றில் மாட்டியிருந்தார்; அவர் போனை யாரும் எடுக்கவில்லை.

தியேட்டருக்குப் போன் செய்தாள். எடுத்தவன் அங்கே இருந்த டெக்னீஷியன். சார் கை உள்ளே இருக்கிறது, ஸ்பீக்கரில் போடுகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள் என்றான். மறுமுனையில் சர்ஜனின் குரல், எஸ் என்றது.

அவள் வாயைத் திறந்தாள். பதினாறு வருடப் பழக்கம் முன்னால் வந்து நின்றது. நேரம் ஆக ஆக, எந்த வார்த்தை வரக்கூடாது என்று நினைத்தாளோ அது ஒன்றுதான் இருந்தது.

“சார், செவன் நம்பர், யூரின்... மோர்... மோர் லெஸ்...”

மோர் ஆர் லெஸ், ஓகே, ஐ சா இட் என்றது குரல். யாரோ பின்னால் சிரித்தார்கள். லைன் போய்விட்டது.

ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்ற நேரம் அரை நிமிடம்கூட இருக்காது. பிற்பாடு அதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அந்த அரை நிமிடத்தைத்தான் சொல்வாள். மறுபடி போன் செய்தால் மறுபடியும் அதேதான் வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அளவுத் தாளைக் கட்டிலிலிருந்து உருவினாள். தியேட்டர் ஒரு மாடி மேலே. டூட்டி நேரத்தில் வார்டை விட்டுப் போவது தப்பு. சீருடையை மாற்றாமல், கிருமி நுழையாமலிருக்க அங்கே தரையில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டுவது அதைவிடப் பெரிய தப்பு. பரிசோதகர்கள் கட்டிடத்துக்குள் இருக்கும் நாளில் இரண்டையும் செய்தாள்.

படிக்கட்டில் ஏறும்போது மோரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டாள். மோர் டைட் இல்லை. டைட்டே வேண்டாம், ஹார்டு, ஹார்டர். மோர் ஃபாஸ்ட் இல்லை, ஃபாஸ்டர். மோர் லெஸ் இல்லை. லெஸ். மோர் பேட் இல்லை. அதற்கு வேறு வார்த்தை, ஆளே மாறிப்போகிற வார்த்தை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவப்புப் பேனா கண்ணில் தெரிந்தது, சிரித்த குழந்தையின் முன்பல் இல்லாத வாய் தெரிந்தது, வார்த்தை மட்டும் வரவில்லை. மூன்று படி ஏறியதும் வந்தது.

தியேட்டர் கதவின் வட்டக் கண்ணாடியைத் தட்டினாள். டெக்னீஷியன் ஓடிவந்து கையை ஆட்டினான். அவள் கதவைத் தள்ளி, பாதி உடம்பை உள்ளே நுழைத்து நின்றாள். சர்ஜன் தலையை நிமிர்த்தினார். முகமூடிக்கு மேலே கண்களில் கோபம் இருந்தது.

“சார். பெட் செவன். யூரின் லெஸ் தேன் மார்னிங். மார்னிங் ஃபிஃப்டிஃபைவ். நௌ, ஃபைவ். பல்ஸ் ஃபாஸ்டர். அப்டமன் ஹார்டர்.” மூச்சு வாங்கியது. “ஹி ஈஸ் வொர்ஸ், சார். வொர்ஸ் தேன் மார்னிங். வொர்ஸ் தேன் லெவன் ஓ க்ளாக்.”

சுருக்கத்தில் வேறு மாதிரி இருந்ததே என்று அவர் இங்கிலீஷில் கேட்டார்.

“சம்மரி ராங், சார்.”

அவர் இன்னும் ஏதோ வேகமாகக் கேட்டார். அவளுக்குப் பாதி புரிந்தது, பதில் சொல்ல இங்கிலீஷ் தீர்ந்துபோயிருந்தது. அளவுத் தாளை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்தாள். ஐம்பத்தைந்து, முப்பத்தைந்து, இருபது, ஐந்து. அவர் எண்களை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். பிறகு உதவி டாக்டரிடம் இங்கே தையலை நீ முடி என்று சொல்லிவிட்டுக் கையுறையை உரித்தார். ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்லி அவர் கத்தினது அவள் படியிறங்கும்போதே கேட்டது.

வெல்டரை மேலே கொண்டுபோகும்போது அவனுக்கு நினைவு அரைகுறையாகத்தான் இருந்தது. மனைவி லிஃப்ட் வரை கூடவே ஓடினாள். கதவு மூடினதும் திரும்பி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் அந்த லிஃப்டின் எண்களையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இடையில் இவள் போய் மற்றக் கட்டில்களை அளந்துவிட்டு வந்தாள்.

வயிற்றுக்குள் ஒன்றேகால் லிட்டர் ரத்தம் கட்டியிருந்தது. ஒரு சின்ன ரத்தக் குழாயில் போட்ட கட்டு நழுவியிருக்கிறது. வடிகுழாயின் வாயை ரத்தக்கட்டி அடைத்துவிட்டதால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்த உதவி டாக்டர், மனைவி நிற்பதைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பிழைத்துக்கொள்வான் என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமலே அடுக்களை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகப் பேசாதவளிடம் முழுக் கதையையும் சொன்னாள். போனில் மோர் லெஸ் என்று உளறினதையும் மறைக்கவில்லை. நாத்தனார் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஹார்டர்னு சொன்னீங்களா, மோர் ஹார்டுன்னா?”

“ஹார்டர்.”

“வொர்ஸ்?”

“வொர்ஸ்தான். ரெண்டு தடவ.”

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணைத் துடைத்தாள். வெங்காயமாகவும் இருக்கலாம். அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது அண்ணி என்றாள். இவள், அதை விடு, தண்ணி குடு என்றாள்.

மூன்றாம் நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நிர்வாக அதிகாரியின் அறையில் நீளமான மேசை. அதிகாரி, சர்ஜன், இன்சார்ஜ் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். இவளுக்கும் நாற்காலி போட்டிருந்தது. உட்காரச் சொன்ன பிறகு ஒரு தாளை முன்னால் தள்ளினார் அதிகாரி. இங்கிலீஷில் டைப் அடித்த அரைப்பக்கம். அடியில் அவள் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. இது ஒரு சம்பிரதாயம், ஃபைலில் போட வேண்டும், சான்றிதழ் வேலை நடக்கும்போது எதுவும் திறந்து கிடக்கக் கூடாது, ஒரு சின்ன எச்சரிக்கையோடு முடிந்துவிடும் என்று தமிழில் தன்மையாகச் சொன்னார்.

படித்துவிட்டுப் போடுகிறேன் என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் போனாள். நேரம் ஓடியது. ஃபேன் மேசைத் தாள்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தன் குறிப்பு தெளிவாக இல்லாததால் தாமதம் ஏற்பட்டது என்று இருந்தது. அது பொய் இல்லை. அதற்கடுத்த வரியில் அவள் விரல் நின்றது. பதினொரு மணிக்கு நோயாளியின் சிறுநீர் காலையை விட ‘ஸ்லைட்லி லோயர்’.

“இது இல்ல சார்.”

எது என்று கேட்டார்.

“ஸ்லைட்லி இல்ல. லோயர் சரி. காலைல அம்பத்தஞ்சு, பதினொண்ணுக்கு இருபது. பாதிக்கும் கீழ. அது கொஞ்சமா?”

வார்த்தையைப் பிடித்துத் தொங்காதீர்கள் சிஸ்டர், அர்த்தம் ஒன்றுதான் என்றார் அவர். அவள் நிறுத்தவில்லை.

“நான் எழுதுனது தப்புதான் சார். ஒரு வார்த்தை. அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன். ஆனா நம்பர் கட்டில்ல தொங்குச்சு. நம்பர்ல தப்பு இல்ல. ஸ்லைட்லின்னு நான் போட்டா நம்பரும் பொய்யாயிடும்.”

சர்ஜன் என்ன விஷயம் என்று கேட்டார். அதிகாரி சொல்லத் தயங்கினார். இன்சார்ஜ்தான் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல். சொல்லி முடித்துவிட்டு, தான் கட்டில் தாளைத் திறந்து பார்க்கவில்லை, வாக்கியத்தை மட்டும்தான் பார்த்தேன், ஒரு எழுத்துப் பிழை என்று நினைத்து ‘ஆர்’ சேர்த்தேன் என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. சொல்லாமலே விட்டிருக்கலாம், யாரும் அவளைக் கேட்கவில்லை. சர்ஜன் தாளை எடுத்து அந்த வார்த்தையை அடித்து, மேலே ‘மச்’ என்று எழுதித் தன் கையெழுத்தையும் பக்கத்தில் போட்டார். போனில் அவள் தயங்கியபோது தானும் காத்திருந்து கேட்கவில்லை என்று அதிகாரியைப் பார்த்துச் சொன்னார். பிறகுதான் அவள் பேனாவைத் திறந்தாள்.

மெமோ இரண்டு பேருக்கும் வந்தது, இவளுக்கும் இன்சார்ஜுக்கும். சர்ஜனுக்கு வரவில்லை. சிவப்புக் கோட்டைத் தாண்டியதற்குத் தனியாக ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள். அதற்கு அவள் முனகிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று மணி நேரச் சுருக்கத்தில் எண்கள் முதலில், வார்த்தைகள் பிறகு என்று புது விதி வந்தது. இன்சார்ஜ் அதற்குப் பிறகும் அவள் இங்கிலீஷைத் திருத்தத்தான் செய்தாள். ஆனால் பேனாவை எடுக்கும் முன்னால் நோட்டோடு எழுந்து வந்து, சிஸ்டர், இதுல என்ன சொல்ல வர்றீங்க என்று கேட்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் நட்பு என்று ஒன்றும் முளைக்கவில்லை. வேலை நடந்தது.

தேர்வு பத்து நாள் தள்ளிப்போனது. பாடம் முன்னறையிலிருந்து அடுக்களைக்கு மாறியது. நாத்தனார் கேள்வி கேட்பாள், இவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொல்வாள். கணவன் ஒருநாள் எட்டிப்பார்த்து, என்ன இது, வீட்ல ரெண்டு பேர் பேசற சத்தம் கேக்குது என்றான். இரண்டு பேரும் சேர்ந்து அவனை விரட்டினார்கள். தேர்வில் அவளுக்கு அறுபத்துநாலு வந்தது. மார்க் போனதெல்லாம் கடிதம் எழுதும் பகுதியில். கீழ்த்தளத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

வெல்டர் பதினான்காம் நாள் டிஸ்சார்ஜ் ஆனான். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் தோளில் மறு கையை வைத்து, லிஃப்டுக்குக் காத்திருந்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை பற்றி அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. திடீரென்று மயக்கம் வந்ததாகத்தான் வீட்டார் அவனிடம் சொல்லிவைத்திருந்தார்கள். மாத்திரைச் சீட்டைக் கொடுக்க அவள் வெளியே வந்தபோது, உங்களிடம் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது என்றான்.

“சொல்லுங்க.”

“ஊசி போடறதுல உங்களவிட அந்த உயரமான சிஸ்டர் தேவல.”

மனைவி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். சிஸ்டர் தலையை ஆட்டினாள். அவங்க கை லேசு, உண்மைதான் என்றாள். லிஃப்ட் வந்தது. அவன் நடந்து உள்ளே போவதை, எந்தக் காலை முதலில் வைக்கிறான், மூச்சு வாங்குகிறதா என்று கதவு மூடும்வரை பார்த்துவிட்டு, பதினொரு மணி அளவெடுக்க வார்டுக்குள் திரும்பினாள்.